கவுண்டரில் பதில் சொன்னது மாமியார்

புதிதாக வெள்ளைக் கோட்டு போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகம் தருகிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். உற்சாகம் என்னிடம் கைவசம் இல்லை. கண்டி நகரத்துப் பார்மசிகளில் ஆயுசில் பாதியை நின்றே கழித்தவள் நான். காலில் புடைத்த நரம்பும் மனிதர்களைப் பற்றிய கொஞ்சம் கசப்பும்தான் மிச்சம். அந்தக் கசப்பு உங்களுக்கு எதற்காவது உதவுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிட்டு நல்ல செய்தி ஏதாவது படியுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எந்த மருந்தை எவ்வளவு கொடுக்க வேண்டும், எது எதோடு சேரக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் தடித்த புத்தகத்தைப் புரட்டியதை நீங்கள் போனில் தட்டிப் பார்த்துவிடுகிறீர்கள். ஆகவே பாடம் நடத்தப் போவதில்லை. நம் கவுண்டருக்குத் தினமும் வருகிற ஒரு சின்ன வருத்தத்தை, சின்ன நோயை, பற்றி மட்டும் எழுதுகிறேன். பெண்களுக்கு வருகிற பூஞ்சைத் தொற்று. அரிப்பு, எரிச்சல், பால் திரிந்த மாதிரி வெள்ளை படுவது. உயிருக்கு ஆபத்தில்லாதது என்று படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

இந்த வருத்தம் கவுண்டருக்கு வருகிற விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வருத்தக்காரி பேச மாட்டாள். புருஷன் வந்தால் மற்றவர்கள் எல்லாம் போகும்வரை பற்பசை விலையைப் பார்த்துக்கொண்டே நிற்பான். கூட ஒரு பெரிய மனுஷி வந்தால் அவர்தான் பேசுவார். கையில் மாத்திரை அட்டையிலிருந்து கத்தரித்த ஒரு வெற்றுத் துண்டு இருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ அதைக் குடித்து ஒரே நாளில் சுகமாகியிருப்பார்கள். நாமும் அவர்கள் கூச்சப்படக் கூடாது என்று ஒன்றும் கேட்காமல், மருந்தைப் பேப்பரில் சுற்றி, குரலைத் தாழ்த்தி, சட்டென்று கொடுத்து அனுப்பிவிடுவோம். இதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிப் பேருக்கு அது பூஞ்சையே இல்லை, வேறு தொற்று. அடிக்கடி வருகிறவளுக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கலாம், யாரும் பார்ப்பதில்லை. அரிப்புக்கு என்று ஸ்டீரொய்ட் கலந்த களிம்பைப் பூசி நோயை வளர்த்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கணக்கே கிடையாது.

அப்போது நான் வேலை செய்த கடையின் முதலாளி புடவை வியாபாரத்திலிருந்து மருந்துக்கு வந்தவர். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன், சம்பளம் ஒரு மாதமும் பிந்தியதில்லை. ஆனால் அவருக்கு மாத்திரையும் சேலையும் ஒன்றுதான். வந்த ஆள் வெறுங்கையோடு போகக் கூடாது. நான் சேர்ந்த புதிதிலேயே கூப்பிட்டுச் சொன்னார்.

"மிஸ், பொம்பளைங்க சமாச்சாரத்தில ரெண்டு கேள்விக்கு மேல கேக்காதீங்க. மூணாவது கேள்வி கேட்டா பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க."

நான் மூன்றாவது கேள்வியும் கேட்பேன், நான்காவதும் கேட்பேன். அதனால் எங்கள் இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

நாடே பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நாங்கள் வெறும் அலுமாரிகளுக்கு முன்னால் நின்று இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பெண்ணுறுப்புக்குள் வைக்கிற க்ளோட்ரிமசோல் மாத்திரை எங்கள் கடையில் முடிந்துபோயிருந்தது. நிஸ்டாட்டினும் இல்லை. விழுங்குகிற ஃப்ளுகோனசோல் கேப்சூல் மட்டும் ஒரு பெட்டி கிடந்தது.

ஒரு பகல் நேரத்தில் மாமியாரும் மருமகளுமாக இருவர் வந்தார்கள். மாமியார் கெலிஓயாவில் சில்லறைக் கடை வைத்திருப்பவர். நெற்றி நிறையத் திருநீறு, கையில் பெரிய தோல்பை, நின்ற நிலையிலேயே இவர் கடன் கொடுக்க மாட்டார் என்று தெரிந்தது. மருமகளுக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். அவள் பெயரை மாற்றி ரஞ்சனி என்று வைத்துக்கொள்கிறேன். மாமியாருக்கு ஓர் அடி பின்னால் நின்றாள். வெயிலில் வந்தவள் கழுத்துவரை மூடிய சட்டை போட்டிருந்தாள்.

மாமியார் கத்தரித்த அட்டைத் துண்டைக் கண்ணாடி மேல் வைத்தார். ஃப்ளுகோனசோல்.

"இது இருக்குங்களா மிஸ்?"

"யாருக்கு?"

"இந்தப் பிள்ளைக்குத்தான். நம்ம மருமக." குரல் இறங்கியது. "வெள்ளை படுதுங்க. போன மாசம் இருமலுக்கு டொக்டர் மாத்திரை குடுத்தாரு, அதுக்கப்புறம்தான். எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளை இதை ஒண்ணு குடிச்சுச்சு, சுகமாயிருச்சு."

நான் ரஞ்சனியைப் பார்த்துக் கேட்டேன். "வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா? ஏதாவது வருத்தத்துக்குக் கிளினிக் போறீங்களா?"

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "ஒண்ணுமே இல்லைங்க. நல்ல உடம்பு. எல்லாம் விசாரிச்சுப் பாத்துத்தானே பொண்ணு எடுத்தோம்."

ரஞ்சனி தரையைப் பார்த்தாள். அந்த வினாடியில் கரண்ட் போனது. அந்த வருடம் அது புதினமில்லை, தினமும் போய்க்கொண்டிருந்தது. மின்விசிறி நின்றது. மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் இரைச்சல் அடங்கியது. முதலாளி கேட்டுக்கொண்டிருந்த வானொலியும் நின்றது. கடைக்குள் வேறு ஆட்களும் இல்லை. அந்த அமைதியில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்த மாதிரி, ஆனால் கடிகாரத்தைவிடக் கொஞ்சம் வேகமாக.

முதலாளியோடு சேர்த்து மூவரின் கைகளையும் பார்த்தேன். ஒருவர் கையிலும் கடிகாரம் இல்லை. ரஞ்சனியின் முழங்கைக்குக் கீழே அடிபட்ட மாதிரி நீலமாக ஒரு கன்றல் இருந்தது. அவள் நெஞ்சுக்கு நேரே கைப்பையைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகி, உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்களின் நெஞ்சிலிருந்து வருகிற சத்தம் அது. அப்படிப்பட்டவர்கள் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்வில் இரத்தம் உறைந்துவிடும். வார்ஃபரின் குடிக்கிறவர் ஃப்ளுகோனசோலையும் விழுங்கினால் வார்ஃபரின் உடம்பில் தேங்கிவிடும், இரத்தம் உறையவே உறையாது. வாய்ப் புண்ணுக்குப் பூசுகிற மைகோனசோல் ஜெல்கூட அதே வேலையைச் செய்யும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த மாமியாருக்குத் தெரியாது, தன் மருமகளுக்கு நெஞ்சில் வால்வு இருப்பதே தெரியாது. அது அவர் முகத்தைப் பார்த்தாலே விளங்கியது.

அவர் முன்னால் நான் மறுபடி கேட்டால் அந்தப் பிள்ளை மறுபடியும் இல்லை என்றுதான் சொல்லும். தனியாகப் பேச வேண்டும், மாமியாரோ அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறார். அவருடைய கூச்சத்தையே பயன்படுத்திக்கொண்டேன்.

"அம்மா, இதுக்கு உள்ள வைக்கிற மருந்துதான் நல்லது. எப்படி வைக்கிறதுன்னு பிள்ளைக்குக் காட்டணும். கட்டின பிள்ளை மட்டும் உள்ள வரட்டும்."

மாமியார் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போ, போ, கேட்டுட்டு வா," என்று மருமகளைத் தள்ளிவிட்டார்.

பின்னறையில் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "வார்ஃபரின் எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். அழவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பதினாறு வயதில் சத்திரசிகிச்சை. பிறகு கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தபோது ஓர் ஆட்டோக்காரனோடு பழக்கம். அவன்தான் கெலிஓயா அம்மாவின் ஒரே மகன். அவனுக்கு எல்லாம் தெரியும். தாயை எப்படியோ சம்மதிக்க வைத்து, பெண் கேட்டு வந்த மாதிரியே முறையாகக் கட்டிக்கொண்டான். வால்வைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"அவரு பக்குவமா சொல்லிக்கிறேன்னாரு மிஸ். ரெண்டு வருஷமாப் பக்குவம் பாத்துக்கிட்டே இருக்காரு. கிளினிக் நாளுக்கு எங்கம்மாவைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வருவேன். மாத்திரை பவுடர் டின்னுக்குள்ள இருக்கு."

"இந்தக் கேப்சூலை நீங்க விழுங்கவே கூடாது. விளங்குதா? வார்ஃபரினோட இது சேந்தா ரத்தம் நிக்காம போகும்."

"விளங்குது மிஸ். மாமிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா அன்னைக்கே எங்க வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

நாளைக்கே கிளினிக்குக்குப் போய் விஷயத்தைச் சொல், இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு உள்ளே வைக்கிற மாத்திரை தருவார்கள், அங்கே இருக்கும் என்றேன். தலையாட்டினாள். பேசி முடித்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்தபோது முதலாளி மேசையில் கேப்சூல் பெட்டி திறந்திருந்தது. மாமியாரின் தோல்பை மூடியிருந்தது.

நான் உள்ளே இருந்த அந்தச் சில நிமிடங்களில் முதலாளி விற்றுவிட்டார். ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்குச் சுகமாகாவிட்டால் இன்னொன்று கொடுங்கள் என்று ஆலோசனை வேறு.

"அம்மா, அதைத் திருப்பிக் குடுங்க. இந்தப் பிள்ளைக்கு அது ஒத்துக்காது," என்றேன்.

"ஏன் ஒத்துக்காது? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒத்துக்கிச்சே."

நான் ரஞ்சனியைப் பார்த்தேன். அவள் மாமியாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதே.

"டொக்டர்கிட்டக் காட்டி, மருந்துத் துண்டு எழுதி வாங்கிக்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் குடுக்கலாம்."

"துண்டு இல்லாமத்தானே இவரு குடுத்தாரு," என்று முதலாளியைக் காட்டினார் மாமியார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "ஒரு மாத்திரைக்கு இவ்வளவு பேச்சா மிஸ்? அவங்க பஸ்ஸுக்குப் போகணும்," என்றார்.

வாசலில் இறங்கும்போது ரஞ்சனி திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணால் சைகை செய்தாள். குடிக்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். வளர்ந்த பெண், ஆபத்து என்னவென்று விளங்கியவள், வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவள் உடம்பின் இரகசியத்தை அவள் சம்மதமில்லாமல் வெளியே போட எனக்கு அந்த நேரத்தில் உரிமை இருக்கவில்லை. என்னோடு வேலை செய்தவர்கள் பிற்பாடு இதைப் பற்றி ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். நான் அதே இடத்தில் மறுபடி நின்றாலும் அதைத்தான் செய்வேன்.

சில நாட்கள் கழித்து அந்த மாமியார் தனியாக வந்தார். அன்று முதலாளி வங்கிக்குப் போயிருந்தார்.

"மிஸ், போக்கு நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க. மருமகளுக்கு மாசாமாசம் வாறது இந்தத் தடவை நிக்கவே இல்லை."

"அந்தக் கேப்சூலைக் குடிச்சாங்களா?"

"ரெண்டையும் குடிச்சிச்சு. வேணாம் வேணாம்னுதான் நின்னுச்சு. நான்தான் பக்கத்தில நின்னு தண்ணி குடுத்தேன். வாங்கின மருந்தை வீணாக்கலாமா?"

"மகன் வீட்ல இல்லையா?"

"அவன் பெற்றோல் ஷெட்டில வரிசையில கிடக்கிறான். ஆட்டோவை விட்டுட்டு வந்தா இடம் போயிரும்ல."

நடந்தது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்காக வாய் திறக்கக்கூடிய ஒரே ஆள் பெற்றோல் வரிசையில் கிடக்கிறான். மாமியார் தண்ணீர்க் கோப்பையோடு நிற்கிறார். குடிக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்குப் பதில் சொல்வதைவிட விழுங்குவது அவளுக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது. பிறகு இரத்தம் போகத் தொடங்கியதும் அதையும் சொல்ல முடியவில்லை.

"வேற என்ன செய்யுது? பல்லு விளக்கும்போது ரத்தம் வருதா?"

"வருதுன்னுதான் சொல்லிச்சு. உடம்பில அங்கங்க நீலமா இருக்கு. காலைல இருந்து தலையிடின்னு எழும்பவே இல்லை. தனியாத்தான் படுத்திருக்கு, நான் கடையைப் பூட்டிட்டு ஓடி வந்தேன்."

தலையிடி என்ற சொல்லைக் கேட்டபிறகு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. வார்ஃபரின் கூடிப்போன ஒருவருக்கு எழும்ப முடியாத தலையிடி வந்தால், மூளைக்குள் இரத்தம் கசிகிறதோ என்று பயப்பட வேண்டும். மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டு முகவரியைக் கேட்டு அம்புலன்ஸுக்கு அழைத்தேன். எடுத்தவர் சிங்களத்தில் பேசினார். நோயாளிக்கு என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். இளம் பெண், இதயத்தில் உலோக வால்வு, வார்ஃபரின் பாவிப்பவர், ஃப்ளுகோனசோல் இரண்டு விழுங்கியிருக்கிறார், இரத்தப்போக்கு நிற்கவில்லை, கடுமையான தலையிடி. அப்படியே பெரியாஸ்பத்திரிக்கும் சொல்லிவிடுங்கள் என்றேன். இதில் ஒரு வார்த்தையை விழுங்கினாலும் அங்கே அவர்கள் காரணத்தைத் தேடி நேரத்தைத் தொலைப்பார்கள்.

கெலிஓயாவில் கடை வைத்து இத்தனை வருடம் சிங்களத்தில் வியாபாரம் செய்தவர் அந்த அம்மா. ஒரு சொல்லும் அவருக்குத் தப்பவில்லை. நான் போனை வைத்தபோது கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை பிழைக்குமா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்ப எங்களை ஏமாத்தித்தான் கட்டிவச்சிருக்காங்க," என்றார்.

"அம்மா, முதல்ல வீட்டுக்குப் போங்க. அம்புலன்ஸ் வரும். கதவைத் திறந்துவிட ஆள் வேணும். பவுடர் டின்னுக்குள்ள மாத்திரை இருக்கும், அதையும் குடுத்தனுப்புங்க."

"பவுடர் டின்னா?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. எல்லாரும் சேந்துதான் செஞ்சிருக்கீங்க." பிறகு போனார். அவசரமாகத்தான் போனார், அதை மறைக்கக் கூடாது.

ரஞ்சனி பிழைத்தாள். இரத்தம் ஏற்றினார்கள், வார்ஃபரினை முறிக்கிற மருந்து கொடுத்தார்கள், வால்வையும் பார்த்துக்கொண்டார்கள். தலைக்குள் கசிவு சிறியதாக இருந்ததால் சத்திரசிகிச்சை இல்லாமல் தப்பினாள். ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்த தெரிந்த ஒருவர் மூலம் இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் அன்று மாலைவரைகூட இருக்கவில்லை. வாட்டிலிருந்து அவளைக் கூட்டிப்போக ஹேவாஹெட்டவிலிருந்து அவளுடைய தாய் மட்டும்தான் வந்தாராம். கெலிஓயா வீட்டார் அவளுடைய உடுப்பையெல்லாம் ஒரு பையில் கட்டி ஏற்கனவே வாட்டு வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்களாம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவங்க குடும்ப விஷயத்தில நமக்கென்ன வேலை மிஸ்? அந்த அம்மா கெலிஓயா முழுக்க நம்ம கடையைப் பத்திப் பேசுது," என்றார். கேப்சூலை விற்றது அவர் என்று ஞாபகப்படுத்தினேன். "கேட்டாங்க, குடுத்தேன். கேக்காமயா குடுத்தேன்?" என்றார். அவருடைய மனசாட்சியில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று சத்தியம் செய்து சொல்வேன். அந்தக் கடை இன்றும் நன்றாக நடக்கிறது. நான்தான் வேறு இடம் தேடிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் ஒருநாள் அந்த ஆட்டோக்காரன் வந்தான். தாடி வளர்ந்து, கண் சிவந்து, ஆள் பாதியாகியிருந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா முன்னால சொல்லாம இருந்திருக்கலாம் மிஸ்."

"சொல்லாம இருந்தா அவ இன்னைக்கு இல்லை தம்பி. இப்ப உயிரோட இருக்கா."

"இருக்கா. தோட்டத்து லயத்தில இருக்கா."

"அப்ப நீங்க அங்க போய் இருக்கலாமே. ஆட்டோ எங்கேயும் ஓடுந்தானே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா தனியா இருக்காங்க மிஸ்," என்றான்.

அவனை அடிக்கக் கை வந்தது. இரண்டு வருடம் பக்குவம் பார்த்தவன் இன்னும் பக்குவம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தலைவலி மாத்திரை ஒரு அட்டை விற்றேன், அதைத்தான் அவன் வாங்க வந்த மாதிரி. எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தானே ஆக வேண்டும், அதற்குத்தானே எழுதச் சொன்னீர்கள். கேள்வியை எல்லாரும்தான் கேட்கிறோம். வேறு மருந்து பாவிக்கிறீர்களா, பிள்ளை தங்கியிருக்குமா, சீனி வருத்தம் உண்டா. இல்லை என்று பதில் வந்ததும் நம் கடமை முடிந்தது என்று அட்டையைக் கத்தரிக்கிறோம். அந்தப் பதிலை யார் சொன்னது, யார் காதில் விழும்படி சொன்னது என்று பாருங்கள். கர்ப்பம் என்று மூன்று மாதம்வரை வெளியே சொல்லாத வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. மாமியாருக்கும் நாத்தனாருக்கும் முன்னால் நிற்கிற பிள்ளையிடம் கேட்டால் இல்லை என்றுதான் தலையாட்டும். அதை நம்பி நீங்கள் ஃப்ளுகோனசோல் கொடுத்தால் கரு கலையக்கூடும். கவுண்டருக்குப் பின்னால் ஒரு மறைவான இடம் இல்லாவிட்டால் பெட்டிகளைத் தள்ளியாவது உண்டாக்குங்கள். வருத்தக்காரியைத் தனியாகக் கேளுங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். கேட்க முடியாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். போன மாதம் நடந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதவே சம்மதித்தேன்.

நான் இப்போது கவுண்டரின் இந்தப் பக்கம், மருந்து வாங்குகிறவர்கள் பக்கம், நிற்பவள். என் பிரஷர் மாத்திரை வாங்க நகரத்துக்குள் ஒரு பார்மசிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் முதுகை மட்டும்தான் பார்த்தேன். அவள் முறை வந்ததும் மருந்துத் துண்டை நீட்டிவிட்டு, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"தங்கச்சி, எனக்கு நெஞ்சுக்குள்ள வால்வு இருக்கு. வார்ஃபரின் குடிக்கிறேன். வெள்ளை படுது, அரிக்குது. கிளினிக்ல உள்ள வைக்கிற மாத்திரை எழுதியிருக்காங்க. குடிக்கிறது வேணாம்."

என் பின்னால் நின்ற ஓர் ஆண் செருமினார். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் திரும்பவில்லை. பக்கவாட்டில் தெரிந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. கழுத்து இறங்கிய சட்டை போட்டிருந்தாள். நெஞ்சின் நடுவே இறங்குகிற தழும்பின் மேல்நுனி வெளியே தெரிந்தது. தனியாகத்தான் வந்திருந்தாள், கூட யாரும் இல்லை. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல முடியாமல் ஒரு வாழ்க்கையையே இழந்துவிட்டு, இப்போது கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லக் கற்றிருக்கிறாள்.

கவுண்டரில் இருந்தது உங்களில் ஒருத்தி. வெள்ளைக் கோட்டு, சுத்தமான கை, நல்ல மரியாதையான பேச்சு. பெயரையும் கடையையும் சொல்ல மாட்டேன். துண்டைப் பார்த்தாள், இழுப்பறையைத் திறந்தாள், ஒரு அட்டையிலிருந்து ஒன்றைக் கத்தரித்துக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"அது முடிஞ்சிருச்சு அக்கா. இதும் அதே வேலைதான் செய்யும். வைக்கிற கரைச்சல் இல்லை, ஒண்ணு விழுங்கினா போதும்."

நான் நின்ற இடத்திலிருந்தே அது ஃப்ளுகோனசோல் என்று தெரிந்தது. வாயைத் திறக்கப் போனேன். ரஞ்சனி முந்திக்கொண்டாள்.

"நான் சொன்னது கேட்டுச்சா தங்கச்சி?"

"கேட்டுச்சு அக்கா. ஒண்ணுதானே, பரவாயில்லை."

ரஞ்சனி அந்தக் கேப்சூலை ஒரு விரலால் திருப்பித் தள்ளினாள். துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னைக் கவனிக்காமலே என்னைக் கடந்து வெளியே போனாள்.

கோட்டுப் போட்ட அந்தப் பிள்ளை கேப்சூலை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, "அடுத்தது யாரு?" என்றாள்.

அடுத்து நின்றது நான். "இப்ப போனவங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவங்களுக்கு நாங்க குடுத்த மருந்து பிடிக்கலையாம் அம்மா," என்றாள். "உங்களுக்கு என்ன வேணும்?"